ஸ்வெட்டருக்கு எவ்வளவு கழிப்பது?

இப்படியெல்லாம் எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள். எனக்கு இன்னும் முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் அடுத்த வாரம் என் மேசை, ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வரும் உங்கள் இருவருக்கும் வரப்போகிறது, நான் மேற்படிப்புக்குப் போகிறேன், போகிற வழியில் ஏதாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நாக்கு துறுதுறுக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அறிவுரை சொல்ல எனக்குக் கிடைத்திருக்கும் முதல் ஆட்கள் நீங்கள். விடுவேனா?

குருதியிலிருந்து வெண்குழியங்களை எப்படிப் பிரிப்பது, எந்தக் குழாயை எவ்வளவு நேரம் சுழற்றுவது என்பதெல்லாம் ஆய்வுகூடச் சுவரில் ஒட்டியிருக்கிறது. வாசித்தால் வந்துவிடும். நான் சொல்லப்போவது குருதி குழாய்க்குள் வருவதற்கு முந்திய கதை. நுவரெலியாப் பக்கம் கந்தப்பளைக்கு மேலே, நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது.

நம் ஆய்வின் கேள்வி உங்களுக்குத் தெரியும். ஆனாலும் தோட்டத்து ஆட்களுக்கு நான் அதை எப்படிச் சொன்னேன் என்று கேளுங்கள், எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. அந்த ஞாயிறுக்கு முந்திய வாரம் பிள்ளைக் காம்பராவில் கூட்டம் வைத்தோம். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்கிற கட்டடம் அது. அங்கே நின்று சொன்னேன்: கொலஸ்திரோல் பிறவியிலேயே கெட்டது அல்ல, உடம்புக்கு அது வேண்டும். நாடியின், அதாவது குருதிக் குழாயின், சுவருக்குள் போய்த் தங்கி, ஒட்சியேற்றம் அடைந்து, சிக்கு வாடை அடிக்கும் பழைய எண்ணெய் மாதிரி ஆகும்போதுதான் வம்பு தொடங்குகிறது. அதைக் குப்பை என்று அள்ள, நோயை எதிர்க்கும் நம் நிர்ப்பீடனக் கலங்கள் வருகின்றன. தின்குழியங்கள் என்று பெயர். சாதாரணக் கொலஸ்திரோலை அவை ஓர் அளவுக்கு மேல் எடுப்பதில்லை. ஒட்சியேற்றம் அடைந்ததை வாங்குகிற வாசலுக்கோ கதவே கிடையாது. தின்றுகொண்டே இருக்கும். உள்ளே கொழுப்புத் துளிகள் நிரம்பி, நுரைத்துப் பருத்து, நகர முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த இடத்தில் சும்மாவும் இருப்பதில்லை. ஆபத்து, ஆபத்து என்று கூவி மற்றக் குழியங்களையும் கூட்டி வரும். சுவர் தடித்து வழி ஒடுங்கும்.

முன்வரிசையில் இருந்த ராசம்மா அத்தை எழுந்தார். தோட்டத்து மாதர் சங்கத் தலைவி. ஆள் பெரியவர், குரல் அதைவிடப் பெரியது.

"பாப்பா, அப்ப அது வெள்ளணு இல்ல. மாப்பிள வீட்டு மாமா. பந்தியில ஒக்காந்தா எந்திரிக்கவும் மாட்டாரு, கத்துறதையும் நிறுத்த மாட்டாரு."

நான் இரண்டு பக்கம் பேசியதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் தோட்டத்தில் நுரைக் கலத்துக்குப் பெயர் மாப்பிள வீட்டு மாமா.

பருமனான உடம்பில் இந்த மாமாக்கள் கொழுப்புத் திசுவிலும் கூட்டமாகக் குந்தியிருந்து உடம்பையே சிடுசிடுப்பாக வைத்திருக்கிறார்கள். அதனால் நம் கேள்வி இது: பருமனான ஒருவரின் குழியங்கள், நாடிச் சுவரை அடையும் முன்பே, குருதியில் ஓடும்போதே சிடுசிடுப்பாகத்தான் இருக்கின்றனவா? ஒட்சியேற்றிய கொலஸ்திரோலை ஒரே அளவு கொடுத்தால், ஒல்லியானவரின் குழியம் தின்பதும் பருமனானவரின் குழியம் தின்பதும் ஒன்றுதானா? இதைப் பார்க்க இரண்டு குழுக்கள் வேண்டும்.

சிக்கல் இங்கேதான். ஆய்வை நடத்தும் நம் மேடத்துக்குத் தோட்டம் என்றால் ஒல்லியான மனிதர்கள் என்று ஓர் எண்ணம். "அங்கே பருமனான பத்துப் பேர் கிடைப்பார்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். கிடைப்பார்கள் என்றேன். மாவும் சீனியும் மலிந்த பிறகு, மலை ஏறுவதை விட்டவர்கள் எல்லாம் உப்பிக்கொண்டிருக்கிறார்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறவர்களை, லயம் என்கிற வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் பார்க்கிறோம் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார். அன்று இரண்டு குழுவும் நிரம்பினால் தோட்டம் ஆய்வில் சேரும். நிரம்பாவிட்டால் நுவரெலியா, கண்டி நகரத்து ஆட்களோடு ஆய்வை முடித்துக்கொள்வோம். அவர் கறாரானவர், சொன்னால் சொன்னதுதான். நம் ஆட்களின் குருதி ஒரு சொட்டுக்கூட இல்லாமல் ஒரு விடையை எழுதி, அதைப் பிறகு நம் ஆட்களுக்கே நான் படித்துக் காட்டுவதா? அன்று காலை மேடத்தோடு வான் வண்டியில் ஏறியபோது என் மனதில் ஓடியது அதுதான்.

போய் இறங்கினால், காம்பரா நிரம்பியிருந்தது. நிரம்பியிருந்தது என்றால், மூன்று வயதுப் பிள்ளைகள் உட்காரும் குட்டிக் கதிரைகளில் பெரிய பெரிய ஆட்கள் முழங்காலைத் தாடைக்கு முட்டுக்கொடுத்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலை சுற்றியது. கந்தப்பளையில் விடியற்காலை குளிர்தான். ஆனால் ஓர் ஆளுக்கு மூன்று ஸ்வெட்டர், அதன் மேல் கோட்டு, அதற்கும் மேல் கம்பளி என்ற அளவுக்குக் குளிர் இல்லை.

அம்மாதான் காதில் ஓதினார். "நல்லா இருக்கிறவங்களத்தான் எடுக்கப்போறீங்கன்னு பேச்சு. எல்லாரும் நல்லா வந்திருக்காங்க."

எங்கள் பக்கம் ஓர் ஆள் நன்றாக இருக்கிறார் என்றால் உடம்பு வைத்திருக்கிறார் என்று பொருள். ஆய்வுக்குப் பருமனானவர்களை எடுக்கிறார்கள் என்ற செய்தி, தோட்டத்தில் நன்றாக வாழ்கிறவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஊர் முழுக்கப் போயிருந்தது. ஒல்லிக் குழுவில் போடுவதாகச் சொல்லியிருந்த பெண்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார்கள். அதில் என் அம்மாவும் ஒருவர். ஆயுள் முழுக்கக் கொழுந்தெடுத்து ஈர்க்குச்சியாக இருப்பவர். அவரும் அன்று கொஞ்சம் பூசினாற்போல் இருந்தார். அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

முள்ளுத் தராசை நடுவில் வைத்தோம். முதலில் ராசம்மா அத்தை ஏறினார். என்னோடு வந்த பிரணவன் குனிந்து முள்ளைப் பார்த்தான். என் வயதுதான், யாழ்ப்பாணத்து ஆள், வேலையில் சுத்தம். பார்த்துவிட்டு, எல்லா ஆய்விலும் எல்லாரும் சொல்வதைச் சத்தமாகச் சொன்னான்.

"உடுப்புக்கு ஒரு கிலோ கழிப்பம்."

காம்பராவில் இருந்த எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின.

இதைப் புரிந்துகொள்ள நீங்கள் மடுவத்தில் நின்றிருக்க வேண்டும். எடுத்த கொழுந்தைக் கொண்டுவந்து நிறுக்கும் கொட்டகை அது. நாள் முழுக்க மலையில் நின்று பறித்ததைத் தராசில் மாட்டுவார்கள். கணக்கப்பிள்ளை பார்ப்பார். கொழுந்து ஈரம் என்று சில கிலோ கழிப்பார். சாக்குக்குக் கழிப்பார். மழை நாளில் கழிப்பார், மழை இல்லாத நாளிலும் கழிப்பார். எவ்வளவு கழிப்பது என்பது அவருடைய கண்ணில் இருக்கும். இந்தப் பெண்களின் தாய்மாரும் அவர்களின் தாய்மாரும் அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

ராசம்மா அத்தை தராசிலிருந்து மெதுவாக இறங்கினார்.

"கொழுந்துக்குக் கழிச்சீங்க, சாக்குக்குக் கழிச்சீங்க. இப்ப ஆளையே கழிக்க வந்துட்டீங்களா, தம்பி?"

"அடுத்த தடவ நெழலுக்கும் கழிப்பாங்க மதினி," என்றது பின்வரிசை.

"மூச்சுக்கு எவ்வளவுன்னு கேளுங்க."

சிரிப்பு எழுந்தது. ஆனால் சிரித்துக்கொண்டே எழுந்தும் விட்டார்கள். குட்டிக் கதிரைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. பிரணவன் என் பக்கம் திரும்பினான், முகம் வெளிறிப்போய். "நான் என்ன பிழையாச் சொல்லிப்போட்டன்?"

மேடம் கேட்டார், "என்ன, தராசு பழுதா?"

"தராசு நன்றாக இருக்கிறது மேடம். தராசுகளோடு இவர்களுக்குப் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது."

இரண்டு வழிகள்தான் தெரிந்தன. கழிக்காமல் அப்படியே எழுதலாம். எல்லோரும் திரும்பி உட்காருவார்கள், இரண்டு குழுவும் நிரம்பி வழியும், தோட்டம் சேர்ந்துவிடும். ஆனால் பாதி ஒல்லிகள் பருமன் குழுவில் இருப்பார்கள், பிறகு குழியங்கள் என்ன செய்தாலும் அதற்கு அர்த்தம் இராது. இல்லையென்றால் கழித்தே தீருவேன் என்று நிற்கலாம். நின்றால் காலியான காம்பராவில் நிற்க வேண்டியதுதான். வாசலில் முதல் ஆள் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இவர்கள் கோபப்படுவது கழிப்பதற்காக அல்ல. கண்ணால் பார்த்து, குத்துமதிப்பாக, தங்களுக்குக் காட்டாமல் கழிப்பதற்காக.

"அத்தை, ஒரு கிராமும் கழிக்க மாட்டோம்," என்றேன். "மேல போட்டிருக்கறத கழட்டித் தாங்க. ஒங்கள தனியா நிறுப்போம், ஸ்வெட்டர தனியா நிறுப்போம். முள்ள நாங்க பாக்க மாட்டோம். நீங்களே பாத்துச் சொல்லுங்க, அதத்தான் எழுதுவோம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாங்களே பாக்கிறதா?"

"நீங்களே."

இதை மேடத்துக்குச் சிங்களத்தில் சொன்னேன். நேரம் அதிகமாகுமே என்றார். அதிகமாகும் என்றேன். சரி என்று தலையசைத்தார். பெண்களுக்கு ஒரு சேலையைத் திரையாகக் கட்டினோம்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. தங்கள் எடையைத் தாங்களே படிக்கும் உரிமை கிடைத்ததும் வரிசை முண்டியடித்தது. ஸ்வெட்டர்கள் குவிந்தன. குவிந்த ஸ்வெட்டர்களோடு வேறு சாமான்களும் வந்தன. ஒருவர் கோட்டுப் பையில் பூட்டும் சங்கிலியும். இன்னொருவர் மடியில் முழுத் தேங்காய். கடைசியாக என் அம்மா ஸ்வெட்டரைக் கழற்றினார். இடுப்பில் கட்டியிருந்த துணிப்பை தொங்கியது. கோதுமை மா.

"ரொட்டிக்கு வாங்குனது," என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல். "வீட்டுல வச்சா எலி தின்னும்னு எடுத்தாந்தேன்."

ராசம்மா அத்தை பையைத் தூக்கிப் பார்த்தார். "இருங்க மதினி, எலியும் உள்ளதான் இருக்கான்னு பாப்போம். அதுவும் ஒரு கால் கிலோ வரும்."

அம்மா ஒல்லிக் குழுவின் முதல் ஆளாகக் கைநீட்டி உட்கார்ந்தார். பிரணவன் குருதி எடுத்தான். சிரிப்பில் அம்மாவின் கை ஆடிக்கொண்டே இருந்தது.

ஸ்வெட்டர்கள் போனதும் பருமன் குழு சுருங்கியது. ஒல்லிக் குழு நிறைந்துவிட்டது, பருமன் குழுவில் பத்துக்கு ஒன்பது பேர்தான். எல்லோருக்கும் குருதியும் எடுத்தாயிற்று. குழாய்க்குள் போன குழியங்கள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அன்றைக்கே கண்டி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்தாக வேண்டும். மேடம் வானின் கதவைத் திறந்துவைத்துவிட்டு, "இன்னும் ஓர் ஆள், இல்லாவிட்டால் கிளம்புவோம்," என்றார். இல்லாவிட்டால் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

அட்டவணையைப் பார்த்தேன். ராசம்மா அத்தையின் உயரத்துக்கு, அவர் பருமன் குழுவில் சேர இன்னும் ஒரு கிலோ வேண்டும். ஒரே ஒரு கிலோ. தோட்டத்திலேயே பெரிய ஆள் என்று பெயர் எடுத்தவர். இரண்டு ஸ்வெட்டர்.

அவரும் அதைப் பார்த்துவிட்டார். "ஸ்வெட்டரோட எழுதிக்க பாப்பா. எனக்கு ஆட்சேபனை இல்ல. ஒங்க மேடத்துக்குத் தமிழ் தெரியாதுல்ல?"

பேனா என் கையில் இருந்தது. எழுதினால் முடிந்தது. மேடம் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உங்களுக்கும் இப்படி ஒரு நொடி வரும், உங்களுக்குப் பிரியமான ஒன்றுக்காகவே வரும். அப்போது பெரிய கொள்கை எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. நுணுக்குக்காட்டிதான் நினைவுக்கு வந்தது. சாயம் ஏற்றிய தட்டில் ஒவ்வொரு குழியத்துக்குள்ளும் கொழுப்புத் துளிகள் சிவப்புச் சிவப்பாகத் தெரியுமே, அதை எண்ணும்போது இது யாருடையது என்று எனக்கு நானே சொல்ல வேண்டியிருக்கும்.

"அத்தை, ஒங்க ஸ்வெட்டருக்கு வெள்ளணு கெடையாது."

ஒரு கணம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"இப்ப ஒனக்கு உண்மையான குண்டா ஒரு ஆளு வேணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"இருக்காரு. வா."

காம்பராவுக்குக் கீழே ஒரு வீட்டு வாசலுக்குக் கூட்டிப் போனார். பின்னால் பாதிக் கூட்டம் வந்தது. கதவைத் திறந்தவர் ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை ஐயா. இத்தனை காலம் மடுவத்தில் இந்தப் பெண்களின் கொழுந்தை நிறுத்தவர், கழித்தவர். நாடியில் அடைப்பு என்று ஆஸ்பத்திரியில் குழாய் வைத்துவிட்டு வந்தபின் அவர் வெளியே வருவதே இல்லை. உடம்பு வாசலை அடைத்தது.

"ஐயா, வாங்க. தராசுல ஏறணும்," என்றார் ராசம்மா அத்தை.

அவர் கூட்டத்தைப் பார்த்தார். "என்னைய நிறுத்துப் பாத்துச் சிரிக்கணும். அதுக்குத்தானே ராசம்மா?"

"ஆமா, அதுக்கும்தான்," என்றார் அத்தை. "ஆனா நீங்க வரலன்னா நம்ம தோட்டத்த விட்டுட்டுப் போயிருவாங்க."

நான் ஆய்வைச் சொன்னேன். அடைப்பு வந்த நாடிக்குள் என்ன நடந்திருக்கும் என்று சொன்னேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், மிகச் சின்னக் குரலில், அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"கழிப்பீங்களா?"

எல்லோரும் ராசம்மா அத்தையைப் பார்த்தார்கள். பதில் அவருடையது.

"கழிக்க மாட்டோம்யா," என்றார் அவர். "வாங்க."

கூட்டம் விலகி வழிவிட்டது. காம்பராவுக்குள் வந்த ஐயா கோட்டைக் கழற்றினார். கழற்றியவர் அதோடு நிற்கவில்லை. கைக்கடிகாரம், சாவிக்கொத்து, பேனா, வெற்றிலைப் பை, தோல் வார், கடைசியாகக் கண்ணாடி. ஒரு கிராம்கூட அதிகமாகக் காட்டிவிடக் கூடாது என்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ஏறி நின்ற பிறகுதான் அவருக்கே தெரிந்தது, கண்ணாடி இல்லாமல் முள் தெரியவில்லை.

"ராசம்மா," என்றார். "நீயே பாத்துச் சொல்லு."

ராசம்மா அத்தை குனிந்தார். நேரம் எடுத்துப் பார்த்தார். அரைக் கிலோவும் விடாமல், காம்பரா முழுக்கக் கேட்கும்படி படித்தார். அந்த எண்ணை நான் இங்கே எழுத மாட்டேன், பங்கெடுத்தவரின் இரகசியம். தோட்டம் முழுவதற்கும் அது தெரியும் என்பது வேறு விஷயம். பருமன் குழுவுக்கு அது தாராளமாகப் போதும். பெண்கள் கைதட்டினார்கள். ஐயா முதலில் மிரண்டார், பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

அவருடைய குழாய் நிறைந்ததும் பெட்டியை மூடினோம். உயிருள்ள குழியங்களுக்குக் குளிர் ஆகாது, காம்பராவில் அடித்ததோ குளிர்காற்று. யாரோ கழற்றிப் போட்ட ஒரு ஸ்வெட்டரைப் பெட்டிக்குப் போர்த்தி, பிரணவனின் மடியில் வைத்தோம். கண்டிக்கு இறங்கும் றம்பொடை மலைப்பாதை வளைவுகளில் அவன் அதைக் கைக்குழந்தையாகக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தான். "கழிப்பம் என்ற சொல்லை இனி வாயாலை எடுக்கமாட்டன்," என்று எனக்குச் சத்தியம் செய்துகொடுத்தான். மேடம் என்னவென்று கேட்டார். அப்போதுதான் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன், அத்தையின் ஸ்வெட்டரையும் சேர்த்து. அவர் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தோள்கள் மட்டும் சிரிப்பில் குலுங்கின.

அன்று மாலையே குழியங்களைப் பிரித்தோம். செத்தவற்றை மட்டும் நீலமாக்கும் சாயத்தைக் கலந்து, மேடம் நுணுக்குக்காட்டியில் கண் வைத்தார். அம்மாவின் தட்டு, மற்றவர்களுடையது, ஐயாவுடையது. அவர் நிமிர்ந்தார்.

"நீலமே இல்லை," என்றார். "மாதம் ஒரு ஞாயிறு தோட்டத்துக்கு என்று எழுதிக்கொள்."

நடைபாதைக்கு ஓடிப்போய் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"செத்துச்சா, இருக்கா?" என்றார் அம்மா.

"இருக்கும்மா. எல்லாருதும் உசுரோட இருக்கு. நம்ம தோட்டத்தயும் சேத்துட்டாங்க."

அம்மா அதை லயத்துக்கே கேட்கும்படி திருப்பிச் சொன்னார். ஒரே கூச்சல். அதற்குள் போன் கைமாறியது.

"பாப்பா," ராசம்மா அத்தை. "அப்ப மறுபடி வாறீங்கல்ல? எனக்கு ஒரு கிலோதானே கொறையுது. அடுத்த மாசத்துக்குள்ள போட்டுர்றேன்."

பருமன் உடம்பின் குழியங்களை என்ன செய்கிறது என்று ஆராய்கிற எனக்கு இந்த வாக்குறுதி. "ஐயோ அத்தை, வேணாம். நீங்க எறங்குங்க. அடுத்தடுத்த மாசம் ஒல்லிக் குழுவுலயும் எடம் இருக்கும்."

"அங்க ஒங்கம்மா இருக்காங்க, மாவு மூட்டையோட." கொஞ்சம் யோசித்தார். "எவ்வளவு எறங்கணும்?"

சொன்னேன்.

"அம்புட்டா? மல ஏறி எறங்கினா கொறையுமா?"

"கொறையும். தெனமும் நடக்கணும்."

பிறகு, முடிவெடுத்துவிட்ட குரலில் சொன்னார்:

"அப்ப காலையில ஐயாவையும் கூட்டிக்கிட்டுத்தான் நடக்கணும். அவருக்குத்தான் கழிக்க நெறைய இருக்கு."